59-ல் 27: ஸ்டீவ் கார்ல்டனின் 1972 சீசன் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ்பால் கணக்குகளில் மூழ்கிக் கிடப்பவர்கள் பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் "59-ல் 27" வந்துவிடும். 1972-ல் பிலடெல்ஃபியா பில்லீஸ் அணி ஜெயித்தது மொத்தம் 59 ஆட்டம். அதில் 27 வெற்றி, அதாவது 45.8 சதவீதம், ஸ்டீவ் கார்ல்டன் என்ற இடக்கைப் பிட்சரின் (பந்து எறிபவரின்) பெயரில் பதிவானது. இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த சீசன் இது. இதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

அவருடைய அந்த வருடக் கணக்கு முழுசாக என்ன?

41 ஆட்டங்களைத் தொடங்கினார். 27 வெற்றி, 10 தோல்வி. 346.1 இன்னிங்ஸ் எறிந்தார். 310 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார் (பந்தை அடிக்க விடாமலே அவுட்டாக்குவது), 87 பேருக்கு வாக் கொடுத்தார் (நான்கு தப்பான பந்து எறிந்து இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்புவது). அவர் பந்தில் விழுந்த ஹிட் 257, ஹோம் ரன் 17. ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் பொறுப்பில் விழுந்த ரன்) 1.97. தொடங்கிய 41-ல் 30 ஆட்டங்களைக் கடைசிவரை தானே எறிந்து முடித்தார். எதிரணியை ஒரு ரன்கூட எடுக்க விடாத ஷட் அவுட் 8.

அணியின் கணக்கு: 59 வெற்றி, 97 தோல்வி. அமெரிக்க பேஸ்பாலின் இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகின் கிழக்குப் பிரிவில் கடைசி இடம்.

156 ஆட்டம்தான் வருகிறதே, 162 இல்லையா?

அந்த வருடம் ஏப்ரல் தொடக்கத்தில் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பேஸ்பாலில் லீக் முழுவதையும் நிறுத்திய முதல் வேலைநிறுத்தம் அது. அதில் போன ஆட்டங்களைத் திரும்ப நடத்தவில்லை. பில்லீஸுக்கு 6 ஆட்டம் குறைந்தது. கார்ல்டனுக்கு இன்னும் ஒரு தடவையாவது மேட்டில் (பிட்சர் நின்று எறியும் இடத்தில்) ஏற வாய்ப்பு கிடைத்திருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு ஆட்டத்தின் வெற்றியை ஒரே ஆள் பெயரில் எப்படி எழுதுகிறார்கள்?

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். பந்து வீச்சாளரின் கணக்கில் விக்கெட் உண்டு, ரன் உண்டு, ஆனால் "இவர் 27 ஆட்டம் ஜெயித்தார்" என்று நாம் சொல்வதில்லை. பேஸ்பாலில் சொல்கிறார்கள். ஜெயித்த அணி கடைசியாக எப்போது முந்தியதோ, பிறகு பின்தங்கவே இல்லையோ, அந்த நேரத்தில் யார் பிட்சரோ அவருக்கு வெற்றி. ஆட்டத்தைத் தொடங்கியவருக்கு அது கிடைக்க வேண்டுமானால் குறைந்தது 5 இன்னிங்ஸ் எறிந்திருக்க வேண்டும். தோல்விக்கும் இதே மாதிரி ஒரு விதி. இரண்டும் கிடைக்காமல் வெளியே வரும் ஆட்டங்களும் உண்டு. கார்ல்டன் தொடங்கிய 41-ல் அப்படி 4.

இதிலிருந்து ஒன்று புரியும். பிட்சர் எவ்வளவு நன்றாக எறிந்தாலும் அவருடைய சக ஆட்டக்காரர்கள் ரன் எடுக்காவிட்டால் வெற்றி வராது. அதனால் வெற்றி எண்ணிக்கையில் பாதி அணியுடையது. கடைசி இடத்தில் கிடந்த ஒரு அணியில் 27 வந்தது ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்பதற்கு இதுவே காரணம்.

45.8 சதவீதம் உண்மையிலேயே சாதனையா?

ஆமாம், 1900-க்குப் பிந்தைய பேஸ்பாலில் முதலிடம். 27-ஐ 59-ஆல் வகுத்தால் 45.76 வரும். ஆனால் இரண்டாம் இடத்தில் இருப்பவரைப் பலரும் கவனிப்பதில்லை. 1908-ல் சிகாகோ வைட் சாக்ஸின் எட் வால்ஷ் 40 ஆட்டம் ஜெயித்தார். அணியின் வெற்றி 88. அது 45.45 சதவீதம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 1904-ல் நியூயார்க்கின் ஜாக் செஸ்ப்ரோ எடுத்த 41, அணியின் 92-ல் 44.6.

எண் அளவில் மூவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும் நிலைமை வேறு. வால்ஷின் அணி கடைசி வாரம்வரை பட்டத்துக்கு மோதியது. செஸ்ப்ரோவின் அணியும் அப்படித்தான். நல்ல அணி, அதிலும் பெரிய ஆட்டக்காரர், அவரைத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். வால்ஷ் அந்த வருடம் 464 இன்னிங்ஸ் எறிந்தார். கார்ல்டனின் அணி ஜூனுக்குள்ளேயே போட்டியிலிருந்து வெளியே போய்விட்டது.

19-ஆம் நூற்றாண்டுக்குப் போனால் இந்தச் சதவீதமெல்லாம் சின்னதாகிவிடும். 1884-ல் ப்ராவிடன்ஸ் அணியின் சார்லஸ் ராட்போர்ன் அணியின் 84 வெற்றிகளில் ஏறக்குறைய 60-ஐத் தன் பெயரில் வைத்திருந்தார். 1877-ல் லூயிவில் அணிக்காக ஜிம் டெவ்லின் அணியின் ஒவ்வொரு இன்னிங்ஸையும் தானே எறிந்தார். 35 வெற்றியில் 35-ம் அவருடையது, அதாவது நூறு சதவீதம். (அதே டெவ்லின், காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தைத் தோற்றார் என்று அந்த வருடக் கடைசியில் ஆயுள் முழுக்கத் தடை செய்யப்பட்டார்.) டெவ்லின் காலத்தில் பந்தைக் கீழ்க்கையாகத்தான் எறிந்தார்கள், அணிக்கு ஒன்றிரண்டு பிட்சர்தான். அதனால்தான் "1900-க்குப் பிறகு" என்று கோடு போட்டுப் பேசுகிறார்கள்.

27 வெற்றி வேறு யாரும் எடுக்கவில்லையா?

எடுத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் 45.8-ஐ விட இந்த ஒப்பீடுதான் கார்ல்டனின் சீசனை நன்றாகக் காட்டும்.

1966-ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் சாண்டி கோஃபாக்ஸ்: 27-9 (27 வெற்றி, 9 தோல்வி), ஈ.ஆர்.ஏ. 1.73, 317 ஸ்ட்ரைக் அவுட், தொடங்கியது 41 ஆட்டம். இவரும் இடக்கைதான். கார்ல்டனின் கணக்குக்குப் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அணியின் வெற்றி 95, லீக் பட்டமும் அவர்களுக்கே. கோஃபாக்ஸின் பங்கு 28.4 சதவீதம்.

1990-ல் ஓக்லண்ட் ஏ'ஸின் பாப் வெல்ச்: 27-6, ஈ.ஆர்.ஏ. 2.95, 238 இன்னிங்ஸ், 127 ஸ்ட்ரைக் அவுட், முழுசாக எறிந்து முடித்தது 2 ஆட்டம். அணியின் வெற்றி 103. பங்கு 26.2.

வெல்ச் நல்ல பிட்சர், அந்த வருடம் அமெரிக்கன் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் வாங்கினார். ஆனால் இரண்டு 27-களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வெல்ச் ஒன்பது இன்னிங்ஸுக்கு மூன்று ரன் கொடுத்து 27 எடுத்தார், கார்ல்டன் இரண்டே ரன் கொடுத்து 27 எடுத்தார். வெல்ச்சின் ஆட்டத்தை முடித்துக்கொடுக்க டென்னிஸ் எக்கர்ஸ்லி இருந்தார். கார்ல்டன் 30 தடவை தானே முடித்தார். எண் ஒன்றுதான், அதற்குள் இருக்கும் உழைப்பு ஒன்றில்லை. ஒரு புள்ளிவிவரத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு பேசக்கூடாது என்று யாருக்காவது விளக்க வேண்டி வந்தால் நான் இந்த இரண்டு வரிகளைத்தான் எழுதிக் காட்டுவேன்.

346.1 இன்னிங்ஸ் என்றால் 346-உம் பத்தில் ஒன்றுமா?

இல்லை. கிரிக்கெட் ஸ்கோரில் 12.4 ஓவர் என்றால் 12 ஓவரும் 4 பந்தும் என்று நமக்குத் தெரியும், அதே முறைதான் இங்கேயும். ஒரு இன்னிங்ஸுக்கு 3 அவுட். 346.1 என்றால் 346 இன்னிங்ஸும் ஒரு அவுட்டும். கணக்குப் போடும்போது 346-உம் மூன்றில் ஒன்றும் என்று எடுக்க வேண்டும். மொத்த அவுட் 1,039.

நேஷனல் லீகில் அதற்கு முன் இவ்வளவு இன்னிங்ஸ் எறிந்தவர் 1953-ல் ராபின் ராபர்ட்ஸ். அவருடையது 346.2, கார்ல்டனை விட ஒரே ஒரு அவுட் அதிகம். அவரும் பில்லீஸ் பிட்சர்தான்.

சில புத்தகங்களில் ஈ.ஆர்.ஏ. 1.97, பழைய புத்தகங்களில் 1.98. எது சரி?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் இதைப் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

ஈ.ஆர்.ஏ. என்றால் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் பிட்சரின் பொறுப்பில் விழுந்தது என்ற கணக்கு. ஃபீல்டர் பந்தைத் தவறவிட்டதால் வந்த ரன்களைக் கழித்துவிடுவார்கள். கார்ல்டன் பொறுப்பில் விழுந்தது 76 ரன். 76-ஐ 9-ஆல் பெருக்கினால் 684. அதை 346-உம் மூன்றில் ஒன்றுமாக உள்ள இன்னிங்ஸால் வகுத்தால் 1.975-க்கு ஒரு இழை கீழே நிற்கும், அதாவது 1.97. அந்த மூன்றில் ஒன்றை விட்டுவிட்டு வெறும் 346-ஆல் வகுத்தால் 1.977, அதாவது 1.98.

அந்தக் காலத்தில் ஈ.ஆர்.ஏ. கணக்குக்கு இன்னிங்ஸை முழு எண்ணாக்கிவிடுவது வழக்கம். ஒரு அவுட் என்றால் விட்டுவிடுவார்கள், இரண்டு அவுட் என்றால் முழு இன்னிங்ஸாக ஏற்றுவார்கள். அதனால்தான் பழைய 1.98. இரண்டும் தப்பில்லை, இன்றைய முறைப்படி 1.97.

இந்த வழக்கம் 1981-ல் ஒருவரின் ஈ.ஆர்.ஏ. பட்டத்தையே பறித்துவிட்டது. அமெரிக்கன் லீகில் பால்டிமோரின் சாமி ஸ்டூவர்ட் 112.1 இன்னிங்ஸில் 29 ரன் கொடுத்திருந்தார். ஓக்லண்டின் ஸ்டீவ் மெக்கேட்டி 185.2 இன்னிங்ஸில் 48. உள்ளபடி கணக்குப் போட்டால் ஸ்டூவர்ட் 2.323, மெக்கேட்டி 2.327, ஸ்டூவர்ட்தான் முதல். முழு எண்ணாக்கியதும் ஸ்டூவர்ட்டின் ஒரு அவுட் பறிபோனது, மெக்கேட்டிக்கு ஒரு அவுட் இலவசமாகக் கிடைத்தது. பட்டம் மெக்கேட்டிக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு விதியை மாற்றினார்கள். ஸ்டூவர்ட்டை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அந்த அணிக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார்?

கார்ல்டன் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸில் வளர்ந்தவர். 1971-ல் அங்கே 20-9. அடுத்த வருடச் சம்பளத்தில் அணி உரிமையாளரோடு இழுபறி. அதே நேரம் பிலடெல்ஃபியாவில் ரிக் வைஸ் என்ற பிட்சருக்கும் சம்பளத் தகராறு. 1972 பிப்ரவரி 25 அன்று இருவரையும் நேருக்கு நேர் மாற்றிக்கொண்டார்கள். இவரைக் கொடு, அவரை எடுத்துக்கொள், அவ்வளவுதான் பேரம்.

வைஸைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. 1971 ஜூன் 23 அன்று சின்சினாட்டிக்கு எதிராக அவர் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடித்தார், அதே ஆட்டத்தில் தானே இரண்டு ஹோம் ரன்னும் அடித்தார். ஒரே நாளில் இந்த இரண்டையும் செய்த ஒருவரைக் கொடுத்துத்தான் பில்லீஸ் கார்ல்டனை வாங்கியது. அன்று பிலடெல்ஃபியா ரசிகர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை என்றால் அதில் ஆச்சரியமில்லை. 1972-ல் வைஸ் செயின்ட் லூயிஸில் 16-16 எடுத்தார்.

15 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தார் என்கிறார்களே?

ஆமாம். ஆனால் சீசனின் ஆரம்பத்தைப் பார்த்தவர்கள் அதை எதிர்பார்த்திருக்க முடியாது. முதலில் 5-1. அப்புறம் வரிசையாக ஐந்து தோல்வி. மே மாதம் முடியும்போது கணக்கு 5-6. அத்தோடு யாராவது செய்தித்தாளை மடித்து வைத்திருந்தால், தோற்கும் அணியில் தோற்கும் பிட்சர் என்றுதான் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

ஜூன் 7 அன்று ஹூஸ்டனுக்கு எதிராக ஒரு வெற்றி. அங்கிருந்து ஆகஸ்ட் 17 அன்று சின்சினாட்டியை வீழ்த்தும்வரை அவர் தோற்கவே இல்லை. 15 வெற்றி. கணக்கு 20-6. நடுவில் ஜூலையில் மேனேஜரையே மாற்றிவிட்டார்கள். ஜெனரல் மேனேஜராக இருந்த பால் ஓவன்ஸ் தானே இறங்கி அணியை நடத்தினார். கேட்ச்சர் டிம் மெக்கார்வரும் ஜூன் நடுவில் மான்ட்ரியலுக்குப் போய்விட்டார், பதிலுக்கு வந்த ஜான் பேட்மேன்தான் பிறகு பந்தைப் பிடித்தார். சுற்றிலும் எல்லாம் ஆட்டம் கண்டுகொண்டிருந்தபோது நான்கு நாளைக்கு ஒரு தடவை இந்த ஒருவர் மட்டும் மேட்டில் ஏறி ஜெயித்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 21 அன்று அட்லாண்டாவின் ஃபில் நீக்ரோ அதை நிறுத்தினார். ஒன்பது இன்னிங்ஸில் முடியாமல் பதினொன்றுவரை போன ஆட்டம், 2-1. கடைசிவரை இருவருமே எறிந்தார்கள். நீக்ரோவும் பின்னால் 300 வெற்றியைத் தாண்டியவர். அப்படி ஒருவரிடம் அப்படி ஒரு ஆட்டத்தில் தோற்றதைக் குறை என்று நான் எண்ண மாட்டேன்.

மற்றவர்கள் அவ்வளவு மோசமா?

கார்ல்டனின் பெயரில் உள்ள முடிவுகளை எடுத்துவிட்டால் அணியின் கணக்கு 32 வெற்றி, 87 தோல்வி. அதாவது 26.9 சதவீதம். இதை 162 ஆட்டத்துக்கு நீட்டினால் 44 வெற்றிகூடத் தேறாது. கார்ல்டனின் சொந்த வெற்றி விகிதம் 73. எல்லோரும் 45.8-ஐச் சொல்கிறார்கள், எனக்கு 32-87 தான் நெஞ்சில் நிற்கிறது. ஒரே உடை, ஒரே மைதானம், ஒரே ஃபீல்டர்கள், அடிப்பவர்களும் அதே ஆட்கள். கார்ல்டன் எறிந்த நாளில் ஒரு அணி, மற்ற நாளில் வேறு அணி.

அதே அணியில் பில் சாம்பியன் 4-14, கென் ரெனால்ட்ஸ் 2-15. வுடி ஃப்ரைமன் 4-10 என்று இருந்தவர் நடுவில் டெட்ராய்ட்டுக்குப் போனார், போன கையோடு 10-3 எடுத்து அந்த அணியைப் பிரிவுப் பட்டத்துக்குக் கொண்டுபோனார். இதிலிருந்து தெரிவது, பில்லீஸ் பிட்சர்கள் எல்லோருமே திறமையில்லாதவர்கள் கிடையாது. பின்னால் இருந்த அணி அவர்களைத் தூக்கிவிடவில்லை. அந்த அணியில் ஹோம் ரன்னில் முதலிடம் கிரெக் லுசின்ஸ்கி, அவர் அடித்தது 18.

அவருடைய ஆயுதம் என்ன?

ஸ்லைடர். வேகப்பந்து மாதிரியே கையிலிருந்து கிளம்பும், அடிப்பவர் மட்டையைச் சுழற்ற முடிவெடுத்த பிறகு, அவர் முன்னால் தரையில் உள்ள தட்டுக்குப் பக்கத்தில் வந்து சட்டென்று கீழே சரியும். 1968 சீசன் முடிந்ததும் கார்டினல்ஸ் அணி ஜப்பானுக்குப் போனது. அங்கே சதஹாரு ஓ அவரை வெளுத்தார். அவரை அடக்கத்தான் கார்ல்டன் இந்தப் பந்தை எறிந்து பார்க்க ஆரம்பித்தார் என்பது பேஸ்பாலில் எல்லோரும் சொல்லும் கதை. பிட்ஸ்பர்க்கின் வில்லி ஸ்டார்ஜெல், இவரை அடிப்பது முள்கரண்டியால் காபி குடிப்பதைப் போல என்றார். ஸ்டார்ஜெல் 475 ஹோம் ரன் அடித்தவர்.

ட்ரிபிள் க்ரவுன் என்றால் என்ன? அவருக்குக் கிடைத்ததா?

வெற்றி, ஈ.ஆர்.ஏ., ஸ்ட்ரைக் அவுட் மூன்றிலும் லீகில் முதலிடம் என்றால் பிட்சருக்கு ட்ரிபிள் க்ரவுன். கார்ல்டனுக்குக் கிடைத்தது. வெற்றியில் அடுத்தவர் டாம் சீவர், 21 தான். ஈ.ஆர்.ஏ.வில்தான் நூலிழை. சின்சினாட்டியின் கேரி நோலன் 1.99. ஆனால் நோலன் எறிந்தது 176 இன்னிங்ஸ், கார்ல்டன் எறிந்தது அதில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

1997-ல் டொராண்டோவின் ரோஜர் கிளெமென்ஸும் கடைசி இடத்து அணியில் இருந்தபடி மூன்றையும் பிடித்தார் (21-7, 2.05, 292). அதனால் "ஒரே ஒருவர்" என்று எழுதுவது இன்று சரியாகாது. முதலில் செய்தவர் கார்ல்டன். கடைசி இடத்து அணியிலிருந்து சை யங் விருது வாங்கிய முதல் ஆளும் அவர்தான், ஒரு ஓட்டுகூட மாறி விழவில்லை.

எம்.வி.பி. (லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்) விருது?

இல்லை. சின்சினாட்டியின் ஜானி பென்ச் வாங்கினார். கார்ல்டன் ஐந்தாவது.

கடைசி இடத்து அணியில் 20 வெற்றி எடுத்தவர்கள் வேறு யார்?

சிலர் இருக்கிறார்கள். 1901-ல் சின்சினாட்டியின் நூடுல்ஸ் ஹான், அணியின் 52-ல் 22. 1951-ல் செயின்ட் லூயிஸ் ப்ரவுன்ஸின் நெட் கார்வர், இதுவும் 52-ல் 20. 1974-ல் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸின் நோலன் ரையன், 68-ல் 22. இவர்களில் கார்வரை எனக்குத் தனியாகப் பிடிக்கும். 102 ஆட்டம் தோற்ற அணியில் 20-12 எடுத்தவர் அவர்.

30 கம்ப்ளீட் கேம் (தானே கடைசிவரை எறிந்து முடித்த ஆட்டம்) இனி யாராவது எடுப்பார்களா?

மாட்டார்கள். 1975-ல் கேட்ஃபிஷ் ஹன்டர் 30 எடுத்தார், அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. 2022-ல் மயாமியின் சாண்டி அல்காண்டரா 6 ஆட்டம் முடித்தார், அதுவே அந்த வருடம் எல்லோரையும் விட அதிகம். அன்று நான்கு பிட்சர்கள் சுழற்சியில் எறிந்தார்கள், இன்று ஐந்து ஆறு பேர். ஆறு இன்னிங்ஸ் முடிந்ததும் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்து அதிவேகமாக எறிய வைப்பதுதான் இன்றைய முறை. கைக்கு அது நல்லதா கெட்டதா என்ற விவாதம் வேறு. ஆனால் தொடங்கிய ஆட்டத்தைத் தானே முடித்துவிட்டு இறங்கும் பிட்சரைப் பார்க்கும் சுகம் போய்விட்டது, அது எனக்குக் குறையாகத்தான் இருக்கிறது.

19 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தும் தோற்ற ஆட்டம் இதே சீசனில்தானா?

இல்லை, அது 1969 செப்டம்பர் 15, அவர் கார்டினல்ஸில் இருந்தபோது. எதிரணி நியூயார்க் மெட்ஸ். ஒன்பது இன்னிங்ஸில் எடுக்க வேண்டிய 27 அவுட்டில் 19 ஸ்ட்ரைக் அவுட், அன்றைக்கு அது சாதனை. ஆனால் நான்காவது இன்னிங்ஸில் ரான் ஸ்வபோடா என்பவர் ஒரு இரண்டு ரன் ஹோம் ரன் அடித்தார். கார்டினல்ஸ் மறுபடி முந்தி 3-2 ஆனது. எட்டாவது இன்னிங்ஸில் அதே ஸ்வபோடா, இன்னொரு இரண்டு ரன் ஹோம் ரன். 4-3. மெட்ஸின் நான்கு ரன்னும் ஒரே ஆள் மட்டையிலிருந்து வந்தது. தாளில் கார்ல்டனின் பெயருக்குப் பக்கத்தில் தோல்வி.

2018-ல் டிகிராம் வெறும் 10 வெற்றியோடு சை யங் வாங்கினார். அப்படியென்றால் 27 என்ற எண்ணுக்கு அர்த்தம் என்ன?

நியாயமான கேள்வி. நியூயார்க் மெட்ஸின் ஜேக்கப் டிகிராம் அந்த வருடம் 32 ஆட்டம் தொடங்கினார். 217 இன்னிங்ஸ், 269 ஸ்ட்ரைக் அவுட், ஈ.ஆர்.ஏ. 1.70. தொடர்ந்து 29 ஆட்டங்களில் மூன்று ரன்னுக்கு மேல் கொடுக்கவில்லை. ஒரே சீசனில் அது சாதனை. இவ்வளவுக்கும் கணக்கு 10-9. அவர் தொடங்கிய 32 ஆட்டங்களில் மெட்ஸ் ஜெயித்தது 14, தோற்றது 18. கார்ல்டனை விடக் குறைவான ஈ.ஆர்.ஏ., ஆனால் அணியின் 77 வெற்றிகளில் அவர் பங்கு 13 சதவீதம். ஓட்டுப் போட்ட 30 பேரில் 29 பேர் அவரை முதலாவதாக எழுதினார்கள். 2025-ல் பிட்ஸ்பர்க்கின் பால் ஸ்கீன்ஸ் 10-10, ஈ.ஆர்.ஏ. 1.97 என்று எடுத்து, ஒருமனதாக அதே விருதை வாங்கினார். அதே 1.97!

1987-ல் நிலைமை வேறாக இருந்தது. ஹூஸ்டனின் நோலன் ரையன் ஈ.ஆர்.ஏ.விலும் (2.76) ஸ்ட்ரைக் அவுட்டிலும் (270) லீகில் முதலிடம், ஆனால் 8-16 என்பதால் விருதில் ஐந்தாவதாகத் தள்ளப்பட்டார். அது அநியாயம் என்றுதான் சொல்வேன். வெற்றி எண்ணை வைத்துப் பிட்சரை அளப்பதை விட்டது நல்ல மாற்றம்.

ஆனாலும் கார்ல்டனின் 27-ஐத் தூக்கிப் போட என்னால் முடியாது. டிகிராம் சராசரியாக ஏழு இன்னிங்ஸுக்குச் சற்றுக் குறைவாக எறிந்துவிட்டு ஆட்டத்தை மற்றவர்கள் கையில் கொடுத்தார். அவர் காலத்து முறை அப்படி. கார்ல்டன் சராசரியாக எட்டரை இன்னிங்ஸ் எறிந்தார். கெட்டுப்போக அவர் விட்டுவைத்த இடம் ஒரு அரை இன்னிங்ஸ்தான். அணி இரண்டு ரன் எடுத்தால் ஒன்றில் நிறுத்திக் காப்பாற்றிக்கொள்ள அவருக்கு வாய்ப்பு இருந்தது. வெற்றி என்ற கணக்கு பிட்சருக்கு ஓரளவாவது பொருந்திய கடைசிக் காலம் அது என்று நினைக்கிறேன்.

அடுத்த வருடம் என்ன ஆனது?

1973-ல் 13-20, ஈ.ஆர்.ஏ. 3.90. லீகிலேயே அதிகத் தோல்விகள் எடுத்தவர்களில் முதலாவது. முந்தைய வருடம் வெற்றியில் முதலிடம், இந்த வருடம் தோல்வியில் முதலிடம். அப்போதும் 293 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தார், 223 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அவருடைய மொத்த வாழ்க்கைக் கணக்கைப் பார்த்தால் (329-244, 4,136 ஸ்ட்ரைக் அவுட், நான்கு சை யங்) 1973 ஒரு பள்ளம் மட்டுமே. அன்று பத்திரிகைகள் அதை அப்படிப் பார்க்கவில்லை. எழுபதுகளின் கடைசிக்குள் அவர் நிருபர்களோடு பேசுவதையே நிறுத்திவிட்டார், பல வருடம் பேசவில்லை.

அந்த 59 வெற்றி அணி பிறகு தேறியதா?

தேறியது. 1972 செப்டம்பரில், எல்லாம் முடிந்துபோன சீசனின் கடைசி வாரங்களில், மைக் ஷ்மிட் என்ற பையன் முதல் தடவையாக பில்லீஸ் உடையில் இறங்கினான். லுசின்ஸ்கி ஏற்கெனவே இருந்தார், ஷார்ட்ஸ்டாப் லாரி போவாவும் இருந்தார். 1980-ல் இவர்கள் எல்லோரும் இன்னும் அதே அணியில். கார்ல்டன் அந்த வருடம் 24-9, ஈ.ஆர்.ஏ. 2.34, 304 இன்னிங்ஸ். அதற்குப் பிறகு இரண்டு லீகிலும் 300 இன்னிங்ஸை யாரும் எட்டவில்லை. அக்டோபர் 21 அன்று கான்சஸ் சிட்டிக்கு எதிரான உலகத் தொடரின் (இரண்டு லீக் பட்டக்காரர்களும் மோதும் இறுதித் தொடர்) ஆறாவது ஆட்டத்தை அவர்தான் தொடங்கினார், ஏழு இன்னிங்ஸ் தாண்டி எறிந்துவிட்டு இறங்கினார், டக் மெக்ரா வந்து முடித்தார். 4-1. 1883-ல் தொடங்கிய பில்லீஸுக்கு அதுதான் முதல் உலகத் தொடர்ப் பட்டம்.

அந்த சீசனில் அணியின் வெற்றி 91. கார்ல்டனின் 24 அதில் 26.4 சதவீதம்.